எந்தக் கோப்பையோடு ஒப்பிடுவது? பழகிய பியர்களின் செய்முறை மாற்றம் குறித்து

2023 ஜனவரியில் அமெரிக்காவின் பெயர்பெற்ற இரண்டு பியர்கள் ஏறத்தாழ ஒரே சமயத்தில் மாறின. கொலராடோ மாநிலத்து நியூ பெல்ஜியம் ஆலை, 1991 முதல் தனக்குச் சோறு போட்ட ஃபேட் டயரின் செம்பழுப்பு நிறத்தையும் சுட்ட ரொட்டி மணத்தையும் விட்டுவிட்டு, பொன்னிறத்தில் மெலிதான ஒரு பியரை அதே பெயரில் கடைகளுக்கு அனுப்பியது. சாமுவேல் ஆடம்ஸ் பாஸ்டன் லாகரின் காய்ச்சும் முறையில் ஒரு படியைக் கூட்டி, பருகுவதற்கு இன்னும் இலகுவாக்கியிருப்பதாக அதன் உரிமையாளர்கள் அறிவித்தார்கள். பழைய வாடிக்கையாளர்களில் பலர் முகம் சுளித்தார்கள். காலத்துக்கேற்ற மாற்றம் என்றன ஆலைகள். இந்தச் சண்டையில் புதிதாக ஒன்றுமில்லை. பெயரும் சீசாவும் அப்படியே இருக்க உள்ளே இருப்பது மாறினால் அது அதே பியர்தானா, எவ்வளவு தூரம் மாற்றலாம், தீர்மானிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்விகள் லண்டன் போர்ட்டர் காலம் தொட்டு எழுந்துகொண்டே இருக்கின்றன.

பதில்களும் நிறையவே குவிந்திருக்கின்றன. செய்முறைதான் பியரின் அடையாளம் என்கிறது ஒரு தரப்பு. சுவைதான் அடையாளம், செய்முறை அதற்கு வேலைக்காரன் என்கிறது மற்றொரு தரப்பு. வாங்குபவர் வாங்கினால் சரி, வேறு அளவுகோல் எதற்கு என்பது மூன்றாவது. மூன்றிலும் உண்மை உண்டு. மூன்றும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகின்றன என்பதே இக்கட்டுரையின் வாதம். மாறாத பியர் என்று ஒன்று இருந்ததில்லை. ஆகவே மாறியதா என்று கேட்பதால் தெரியவருவது கொஞ்சம்தான். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் ஆலை எந்த பியரோடு ஒப்பிட்டுத் தன் மனதைத் தேற்றிக்கொண்டது என்று கேட்டால்தான் விவகாரம் பிடிபடத் தொடங்குகிறது.

செய்முறையே பியர் என்போர்

முதல் தரப்பின் வேர் ஆழமானது. பவேரியாவின் 1516-ஆம் ஆண்டுச் சட்டம் பியரில் பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் சேரக்கூடாது என்றது. 1971-இல் தொடங்கிய, கேம்ரா என்று சுருக்கமாக அறியப்படும் பிரிட்டிஷ் நுகர்வோர் இயக்கம், பெரிய நிறுவனங்கள் ஊர் ஆலைகளை விழுங்கி அவற்றின் ஏல்களை ஒரே வார்ப்பில் வார்த்ததற்கு எதிராக எழுந்தது. இந்தப் பார்வையில், சேர்மானத்தையும் காய்ச்சும் முறையையும் மாற்றிவிட்டுப் பெயரை மட்டும் வைத்துக்கொள்வது வாடிக்கையாளரை ஏய்ப்பது. பர்ட்டன் நகரின் மார்ஸ்டன்ஸ் பெடிக்ரி இத்தரப்பு அடிக்கடி காட்டும் சான்று. ஓக் பீப்பாய்களை வரிசையாகக் கோத்து, நொதிக்கும் பியர் குழாய் வழியே பொங்கி மேல்தொட்டியில் விழ, ஈஸ்ட் பிரிந்து பியர் மட்டும் மீண்டும் பீப்பாய்க்குள் இறங்கும் 'பர்ட்டன் யூனியன்' முறையில் அது காய்ச்சப்பட்டது. பாஸ் நிறுவனம் 1980களின் தொடக்கத்திலேயே இதைக் கைவிட்டிருந்தது. மார்ஸ்டன்ஸ் 2024 வரை இழுத்துப்பிடித்து, பிறகு அதுவும் நிறுத்தியது. யூனியன் முறையைக் கைவிட்ட அன்றோடு பாஸ் ஏல் போயிற்று என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு.

இத்தரப்பை முதலில் உலுக்குபவர்கள் வரலாற்றாசிரியர்கள். ரான் பாட்டின்சன் போன்றவர்கள் லண்டன் ஆவணக் காப்பகத்தில் உள்ள பார்க்ளே பெர்கின்ஸ், விட்பிரெட் ஆலைகளின் காய்ச்சல் குறிப்பேடுகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக் காட்டியிருப்பது இதைத்தான்: நிலையான செய்முறை என்ற ஒன்றை அந்த ஏடுகளில் தேடினால் கிடைப்பதில்லை. போர்ட்டரையே எடுத்துக்கொள்வோம். 18-ஆம் நூற்றாண்டில் அது பழுப்பு மால்ட்டில் காய்ச்சப்பட்ட பியர். 1784-இல் ஜான் ரிச்சர்ட்சன் அடர்த்திமானியைக் கொண்டு அளந்து எழுதிய நூல் வந்தபிறகு, விலை குறைவென்று வாங்கிய பழுப்பு மால்ட்டிலிருந்து கரையும் சர்க்கரை வெளிர் மால்ட்டில் கிடைப்பதைவிட மிகக் குறைவு என்பது ஆலைக்காரர்களுக்கு உறைத்தது. மெல்ல வெளிர் மால்ட்டுக்கு மாறினார்கள். நிறம் வெளுத்தது; கருக்கிய சர்க்கரையைக் கலந்து ஈடுகட்டினார்கள். மால்ட்டும் ஹாப்ஸும் தவிர வேறெதுவும் கூடாது என்று 1816-இல் சட்டம் வந்தது. மறு ஆண்டே டேனியல் வீலர் மால்ட்டைக் கரியாக வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். ஒரு சிட்டிகை கருமால்ட்டில் பீப்பாய் முழுக்க நிறம் ஏறிவிடும். முப்பது முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் போர்ட்டரின் அடிப்படை மால்ட்டே மாறிப்போயிற்று. பெயர் மாறவில்லை. அடுத்த நூற்றாண்டில் போர் வந்தபோது, 1914-இல் 1052 அளவில் இருந்த பிரிட்டிஷ் பியரின் சராசரித் தொடக்க அடர்த்தி, அதாவது நொதிக்குமுன் கரைந்திருக்கும் சர்க்கரையின் அளவு, 1918-இல் 1030 அளவுக்குச் சரிந்தது. போர் முடிந்தபின் பழைய உயரத்தை அது எட்டவேயில்லை. இன்றைய பிரிட்டிஷ்காரர் 'பாரம்பரிய பிட்டர்' என்று பருகுவது பெருமளவுக்கு அந்தத் தட்டுப்பாட்டின் வாரிசுதான். கின்னஸின் அடையாளமான மென்மையான வெண்நுரைகூட 1959-இல் நைட்ரஜனைப் பயன்படுத்தத் தொடங்கியபின் வந்ததே.

பவேரியச் சட்டமும் இங்கே பெரிதாக உதவாது. எதைச் சேர்க்கலாம் என்பதற்கு அது வேலி போட்டதே தவிர, அந்த வேலிக்குள் ஒரு பியரை அடியோடு வேறொன்றாக்குவதைத் தடுக்கவில்லை. இடத்தோடு அடையாளத்தைப் பிணைக்கும் முயற்சியும் உறுதியாக நிற்கவில்லை. நியூகாசில் பிரவுன் ஏலுக்கு 2000-இல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. ஆலையை நகருக்கு வெளியே கொண்டுபோக முடிவெடுத்த நிறுவனம் அந்தப் பாதுகாப்பை நீக்கும்படி தானே கேட்டுப் பெற்றது. 2019-இல் அமெரிக்கச் சந்தைக்கான நியூகாசிலை லகுனிடாஸ் ஆலை தன் சொந்த ஈஸ்ட்டையும் அமெரிக்க ஹாப்ஸையும் போட்டுக் காய்ச்சத் தொடங்கியபோது, அந்தப் பெயரில் 'நியூகாசில்' என்ற ஊர் ஓர் அலங்காரமாக மட்டும் எஞ்சியது.

சுவையைக் காக்கவே செய்முறை மாறுகிறது என்போர்

ஆலைக்குள் வேலை செய்பவர்களுக்கு முதல் தரப்பின் கோரிக்கை விநோதமாகப் படுகிறது. செய்முறையை மாற்றாமல் வைத்திருந்தால்தான் பியர் மாறிப்போகும் என்பார்கள். ஹாப்ஸில் கசப்பைத் தரும் ஆல்ஃபா அமிலத்தின் விகிதம் ஆண்டுக்கு ஆண்டு, தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும். போன ஆண்டு போட்ட அதே எடையை இந்த ஆண்டும் போட்டால் கசப்பு கூடும், இல்லையெனில் குறையும். கும்பகோணத்துக் காபித்தூள் கடைக்காரர் வந்த கொட்டையைப் பார்த்து வறுவலைத் திருத்திக்கொள்வதுபோல, கணக்கை ஒவ்வொரு அறுவடைக்கும் திருத்தியாக வேண்டும். பார்லி வகைகளும் நிலைப்பதில்லை. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தை ஆண்ட செவாலியே வகை பிற்பாடு வயல்களிலிருந்து மறைந்தது. 1960களில் வந்த மாரிஸ் ஆட்டரைக் கூடுதல் விலை கொடுத்து இன்றும் பிடித்துவைத்திருக்கும் ஆலைகள் உண்டென்றாலும், பெரும்பாலான வகைகள் சில ஆண்டுகளில் புதியவற்றுக்கு இடம் கொடுத்துவிடுகின்றன. 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் வில்லியம் கோசெட் 1908-இல் வெளியிட்ட புள்ளியியல் கட்டுரை, கின்னஸ் ஆலையில் சிறுசிறு மாதிரிகளை வைத்துக்கொண்டு முடிவெடுக்க வேண்டியிருந்த நெருக்கடியில் பிறந்தது. அறுவடை மாறும், பியர் மாறக்கூடாது என்ற கவலை உலகுக்கு ஒரு கணித உத்தியையே கொடுத்திருக்கிறது.

இந்த வாதத்தின் உச்சத்துக்கு நைஜீரியாவைக் காட்டலாம். 1988-இல் நைஜீரிய அரசு பார்லி மால்ட் இறக்குமதியைத் தடை செய்தது. கின்னஸ் உட்பட அங்கிருந்த ஆலைகள் உள்ளூர்ச் சோளத்துக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறின. வறுத்த தன்மையும் கருநிறமும் டப்ளினிலிருந்து வரும் அடர்சாற்றில் கிடைத்தன. தூய்மைவாதி இதைக் கின்னஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் லண்டனில் குடியேறிய நைஜீரியர்களில் பலர் ஐரிஷ் வடிவத்தை ஒதுக்கிவிட்டு, லாகோஸிலிருந்து இறக்குமதியாகும் சீசாவைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்கு அசல் அதுதான். எதிர்முனையில், எவருக்கும் உறைக்காமல் போன மாற்றம் ஒன்று. பியரைத் தெளியவைக்க மீனின் காற்றுப்பையை, அதாவது பாம்பன் கரையில் நெட்டி என்று விலைபோகும் பொருளை, கின்னஸ் நீண்ட காலம் பயன்படுத்தியது. 2015-இல் அதைக் கைவிடுவதாக அறிவித்து வடிகட்டும் கருவிக்கு மாறியது. சைவர்கள் மகிழ்ந்தார்கள். சுவை போயிற்று என்று சண்டைக்கு வந்தவர் அநேகமாக இல்லை.

இத்தரப்பின் பலவீனம், அது காப்பதாகச் சொல்லும் 'சுவை' எங்கே இருக்கிறது என்பதில்தான். செய்முறையை ஏட்டில் எழுதி வைக்கலாம். சுவையை? ஆலையின் சுவைஞர் குழுவின் நினைவில் வைக்கலாம். அவர்கள் ஓய்வு பெறுவார்கள். சீசாவில் வைக்கலாம்; பியர் கெட்டுப்போகும். கசப்பு அலகு, நிறம், நறுமணச் சேர்மங்கள் என்று எண்களாக எழுதி வைக்கலாம். ஒரே கசப்பு எண்ணுள்ள இரண்டு பியர்கள் நாக்கில் வேறாகக் கசக்கும். பில்சனர் உர்க்வெல் கண்ட வழி இவற்றைவிட நேர்மையானது. 1990களின் தொடக்கத்தில் அந்த ஆலை மரத்தொட்டிகளையும் கீல் பூசிய பீப்பாய்களையும் விட்டு எஃகுத் தொட்டிகளுக்குப் போனது. 1842-இலிருந்து வந்த முறையைக் கைவிட்ட பெரிய மாற்றம் அது. ஆனாலும் நிலவறையில் சிறிதளவை இன்றும் ஓக் பீப்பாயில் முதிரவைக்கிறார்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு அது ஒரு காட்சிப்பொருள் என்று கிண்டல் செய்யலாம். ஒப்பிடுவதற்குப் பழைய முறையையே உயிரோடு வைத்திருக்கிறார்கள் என்பதை மறுக்க முடியாது.

ஷ்லிட்ஸ்: எச்சரிக்கைக் கதையும் அதன் ஓட்டைகளும்

இந்த விவாதத்தில் ஷ்லிட்ஸ் பெயர் வராமல் இருப்பது அரிது. மில்வாக்கியைப் புகழடையச் செய்த பியர் என்று தன்னைப் பற்றிப் பாடிக்கொண்ட அந்த நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இரண்டாமிடத்தில் இருந்தது. நொதிக்கும் காலத்தைச் சுருக்கியது. மால்ட்டின் ஒரு பகுதிக்குப் பதில் சோளப்பாகைச் சேர்த்தது. ஹாப்ஸிலும் சிக்கனம் பிடித்தது. சேர்மானங்களைச் சீசாவில் அச்சிடும்படி அரசு கட்டாயப்படுத்தக்கூடும் என்ற பயத்தில், பியரைத் தெளிவாக வைத்திருக்க அதுவரை சேர்த்துவந்த சிலிக்கா ஜெல்லுக்குப் பதிலாக, வடிகட்டும்போது நீங்கிவிடும் வேறொரு பொருளுக்கு மாறியது. அந்தப் பொருள் நுரையை நிறுத்தும் பொருளோடு சேர்ந்து பியருக்குள் செதில் செதிலாகத் திரிந்தது. 1976-இல் சுமார் 1 கோடி சீசாக்களையும் கேன்களையும் ஓசைப்படாமல் திரும்பப் பெறவேண்டி வந்தது. 1982-இல் நிறுவனம் ஸ்ட்ரோவுக்குக் கைமாறியது. பின்னாளில் பெயருக்கு உரிமையாளரான பாப்ஸ்ட் 2008-இல் '1960களின் செய்முறை' என்று பழைய ஷ்லிட்ஸை மீட்க முயன்றபோது, மூலச் செய்முறை கையில் இல்லாததால் ஓய்வுபெற்ற காய்ச்சுநர்களைத் தேடிப்பிடித்து விசாரிக்க வேண்டியிருந்தது.

கதை கச்சிதமாக இருக்கிறது. அதனாலேயே கொஞ்சம் சந்தேகப்படவும் வேண்டியிருக்கிறது. ஷ்லிட்ஸின் விற்பனை உச்சத்தைத் தொட்டது செதில்கள் மிதந்த அதே 1976-இல்தான். சிக்கனச் செய்முறை அதற்குச் சில ஆண்டுகள் முன்பே நடைமுறைக்கு வந்துவிட்டது. சுவை கெட்டதும் வாடிக்கையாளர் ஓடினார் என்றால் சரிவு முன்னதாகவே தொடங்கியிருக்க வேண்டும். 1975-இல் மில்லர் லைட் நாடெங்கும் வந்தது. 1977-இல் ஷ்லிட்ஸ் வெளியிட்ட விளம்பரங்கள் பார்ப்பவரை மிரட்டுவதாகக் கேலிக்கு ஆளாயின. கையூட்டுக் குற்றச்சாட்டு வந்தது, 1981-இல் வேலைநிறுத்தம் வந்தது. இவற்றில் செய்முறையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம். நியாயமாகச் சொல்லக்கூடியது இவ்வளவே: மலிவாக்கியது உடனே தண்டிக்கப்படவில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒரு பிழை அதை அம்பலமாக்கியபோது, கைகொடுக்க நற்பெயர் மிச்சமிருக்கவில்லை.

சிறுகச் சிறுக

ஷ்லிட்ஸ் போல ஆலைகள் சறுக்கி விழுவது அபூர்வம். பெரும்பாலும் நடப்பது வேறு. அதுதான் கேள்வியின் கடினமான பகுதியும். ஆன்ஹைசர்-புஷ் நிறுவனம் பட்வைசர் கேன்களை 1982 முதல் அதிகுளிரில் உறையவைத்துப் பாதுகாத்து வந்தது. வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2006-இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, அவற்றை உருக்கிச் சுவைத்த ஒரு சோதனையைப் பற்றிப் பேசியது. சில ஆண்டு இடைவெளியில் அடுத்தடுத்து வந்த கேன்களுக்குள் வேறுபாடு பெரிதாகத் தெரியவில்லை. முதல் கேனையும் 2003-ஆம் ஆண்டுக் கேனையும் அருகருகே வைத்தால் தெரிந்தது: கசப்பும் ஹாப்ஸ் மணமும் இறங்கியிருந்தன. எந்த ஒரு நாளிலும் யாரும் 'பட்வைசரை மாற்றுவோம்' என்று முடிவெடுக்கவில்லை என்பது நம்பத்தக்கதே. நேற்றைய பியரோடு ஒப்பிட்டு இன்றையதற்கு ஒப்புதல் கொடுத்தார்கள்; மறுநாள் அதையே அளவுகோலாக்கினார்கள்.

இதில் சோதனை முறைக்கே ஒரு பங்கு இருக்கிறது. பியர் ஆலைகளில் பரவலான முக்கோணச் சோதனை கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் 1940களில் உருப்பெற்றது. மூன்று கோப்பைகள், இரண்டில் ஒரே பியர், ஒன்றில் வேறு. ஒற்றையாக நிற்பது எது என்று சொல்ல வேண்டும். 30 பேர் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் சராசரியாக 10 பேர் சரியாகச் சொல்வார்கள். வழக்கமான 5 விழுக்காட்டுப் புள்ளியியல் வரம்பில் வேறுபாடு இருப்பதாக ஏற்க 15 பேர் தேவை. 14 பேர் சரியாகச் சொன்னால் அறிக்கையில் 'குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை' என்று எழுதலாம். ஆனால் அந்த 14-இன் கணக்கைப் பிரித்துப் பார்த்தால், ஊகத்தைக் கழித்தபின், ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் வேறுபாட்டை உண்மையாகவே கண்டிருக்கக்கூடும். நிறுவப்படவில்லை என்பதை இல்லை என்று வாசிக்கும் பழக்கம் ஒருமுறை நடந்தால் பெரிய பாதிப்பில்லை. மால்ட்டில் கொஞ்சம், அடுத்த ஆண்டு ஹாப்ஸில் கொஞ்சம், பிறகு முதிரும் நாட்களில் கொஞ்சம் என்று பத்து முறை நடந்தால், ஒவ்வொரு படியிலும் சோதனையில் தேறிய ஆலை, தொடக்கத்தோடு ஒப்பிட்டால் தோற்றுப்போயிருக்கும். அடையாளம் நழுவுவது இந்த இடைவெளியில்தான் என்று தோன்றுகிறது.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு: ஆலை தன்னிச்சையாக நகரவில்லை, மக்கள் நாக்கின் பின்னே போயிற்று. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்கர்கள் மென்மையான பியரைத்தான் விரும்பினார்கள். பட்வைசர் தன் விற்பனை உச்சத்தை 1980களின் இறுதியில் தொட்டது, அதாவது இறக்கம் நடந்துகொண்டிருந்த காலத்தில். இதைத் தட்டிக்கழிக்க முடியாது. சந்தையே தீர்ப்பு என்ற மூன்றாம் தரப்பின் சிறந்த சான்றும் இதுதான். ஆனால் அந்தத் தீர்ப்பில் சாட்சி சொல்பவர்கள் தங்கிவிட்டவர்கள் மட்டுமே. கசப்புக்காகக் குடித்தவர் விலகிப்போனால் அடுத்த கருத்துக்கணிப்பில் அவர் இல்லை. எஞ்சியவர்களின் சராசரி விருப்பம் இன்னும் மென்மைக்கு நகர்கிறது. ஆலை அதையும் பின்தொடர்கிறது. விலகியவர்கள் பின்னர் சிறு ஆலைகளின் கசப்பான பியர்களைச் சுற்றித் திரண்டபோது, பெரிய ஆலைகளுக்கு அது எங்கிருந்தோ வந்த புது ரசனையாகத் தெரிந்தது.

நாக்கு எவ்வளவு நம்பத்தக்கது

இன்னொரு மறுப்பு உளவியலாளர்களிடமிருந்து வருகிறது. அலிசனும் ஊலும் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், சீட்டு இல்லாத சீசாக்களில் கொடுத்தபோது பியர் குடிப்பவர்களால் தங்கள் வழக்கமான பிராண்டைப் பொதுவாக அடையாளம் காண முடியவில்லை. சீட்டு ஒட்டியதும் தங்கள் பிராண்டுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டார்கள். அப்படியானால் 'முன்பு போல இல்லை' என்ற புலம்பலில் பாதி வயதின் வேலை, மீதி நினைவின் வேலை என்று ஒதுக்கிவிடலாமா? வயதானால் நாக்கின் கூர்மை குறைவதும், இளமையில் குடித்தது இனித்தே நினைவில் நிற்பதும் உண்மைதான். மான்செஸ்டரின் பாடிங்டன்ஸ் பிட்டர் 1980களின் தொடக்கத்தில் கசப்பை இழந்தது என்ற குற்றச்சாட்டு ஆண்டுக்கணக்கில் விவாதிக்கப்பட்டதற்கும், எளிதில் முடிவுக்கு வராததற்கும் இதுவே காரணம்.

இருந்தாலும் இந்தச் சோதனைகள் அளப்பது ஒரு வாய், ஒரு அமர்வு. பழகிய பியரின் உறவு மாதக்கணக்கில், முதல் கோப்பையைவிட மூன்றாவதில், நிலைக்கிறது. கோக்கா கோலா 1985-இல் ஏறக்குறைய 2 லட்சம் பேரிடம் சுவைத்துப் பார்க்கச் சொல்லிவிட்டுத்தான் புதிய கோக்கை வெளியிட்டது. 79 நாட்களில் பழையதைத் திரும்பக் கொண்டுவந்தது. சிறு வாயில் வெல்வது முழுப் புட்டியில் தோற்கலாம் என்பது அதற்கு ஒரு விளக்கம். தன்னுடையதாக நினைத்த ஒன்று பறிபோன கோபம் என்பது இன்னொன்று. இரண்டாவது சரியென்றால், வாடிக்கையாளர் பாதுகாக்க நினைப்பது சுவை மட்டுமல்ல, தன்னைக் கேட்காமல் கைவைக்கக்கூடாது என்ற உரிமையும்தான். கண்ணைக் கட்டிச் செய்யும் எந்தச் சோதனையிலும் அது சிக்காது.

வரி எழுதும் செய்முறை, வாய் திறக்காத சீட்டு

அண்மைக்கால பிரிட்டனில் செய்முறை மாற்றத்துக்குப் பேனா பிடித்தது பெரும்பாலும் வரித்துறைதான். ஸ்டெல்லா ஆர்ட்வா 2012-இல் 5-லிருந்து 4.8 விழுக்காட்டுக்கும், 2020-இல் 4.6-க்கும் இறங்கியது. 2023 ஆகஸ்டில் வந்த புதிய வரியில், 3.5 விழுக்காட்டைத் தொடாத பியருக்கு ஒரு லிட்டர் தூய ஆல்கஹாலுக்கு 9.27 பவுண்டு, தொட்டால் 21.01 பவுண்டு என்று இருந்தது. ஒரு பைண்ட் கேனில் கணக்குப் போட்டால், 3.8 விழுக்காட்டு பியருக்குச் சுமார் 45 பென்ஸ் வரி; 3.4 விழுக்காட்டுக்கு 18 பென்ஸ். இந்த இடைவெளியைப் பார்த்துவிட்டுச் சுவையைப் பற்றி மட்டும் பேசுவது கொஞ்சம் அப்பாவித்தனம். கார்ல்ஸ்பெர்க் டேனிஷ் பில்ஸ்னர் அந்த ஆண்டு சரியாக 3.4-இல் வந்து நின்றது. அதே பியரைத்தான் 2019-இல், தன் பழைய விளம்பர வாசகத்தையே திருப்பிப்போட்டு, 'ஒருவேளை உலகின் சிறந்த பியர் இல்லையோ, அதனால் மாற்றிவிட்டோம்' என்ற தொனியில் வெளிப்படையாக அறிவித்து நிறுவனம் புதுப்பித்திருந்தது.

எல்லோரும் அறிவிப்பதில்லை. கார்லிங் லாகரின் சீட்டில் 4 விழுக்காடு என்று இருக்க, 2012 முதல் ஆலை 3.7-ஐக் குறிவைத்துக் காய்ச்சியது 2017-இல் ஒரு வரி வழக்கின்போதுதான் வெளியே தெரிந்தது. அச்சிட்ட அளவிலிருந்து அரை விழுக்காடு வரை விலகச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஆகவே சீட்டு சட்டப்படி பொய்யில்லை. சேர்மானங்களைப் பொறுத்தவரை நிலைமை இன்னும் இருட்டு: ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011-ஆம் ஆண்டு உணவுத் தகவல் விதி, 1.2 விழுக்காட்டுக்கு மேல் ஆல்கஹால் உள்ள பியரைச் சேர்மானப் பட்டியலிலிருந்து விலக்கியே வைத்திருக்கிறது.

சொல்வது நல்லது என்ற கட்சிக்கு நெருடலான ஆய்வொன்றும் இருக்கிறது. லீ, ஃபிரெடரிக், ஏரியலி ஆகியோர் 2006-இல் வெளியிட்ட சோதனையில், பியரில் சில சொட்டு பால்சமிக் வினிகரைக் கலந்து கொடுத்தார்கள். சொல்லாமல் கொடுத்தபோது பலர் அதையே விரும்பினார்கள். குடிக்கும் முன்பே சொன்னால் பிடிக்காமல் போயிற்று. குடித்த பிறகு சொன்னால் விருப்பம் பெரிதாகக் குறையவில்லை. அறிவிப்பே சுவையைக் கெடுக்கும் என்றால், ஃபேட் டயர் போல வெளிப்படையாக மாற்றுபவர் அடி வாங்குவார். சத்தமில்லாமல் நகர்பவர் தப்பிப்பார். ஆலைகள் மௌனம் காப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். ஆனாலும் இதிலிருந்து மௌனமே சரி என்ற முடிவு பிறக்காது. சொன்னால் பிடிக்காமல் போகும் ஒன்றைச் சொல்லாமல் விற்பதற்கு வணிகச் சாதுரியம் என்று பெயரிடலாம், வாடிக்கையாளர் சம்மதித்தார் என்று சொல்ல முடியாது. கலிபோர்னியாவின் ஸ்டோன் ஆலை தன் முதல் பியரான பேல் ஏலை 2015-இல் மாற்றியபோது பெயரோடு 2.0 சேர்த்தது. பெரிய செலவில்லாத, நேர்மையான வழி, பின்பற்றியவர்கள்தான் குறைவு.

எடைபோட்டால்

அறுவடைக்கேற்பக் கணக்கைத் திருத்துவதை மாற்றம் என்று குறைகூறத் தேவையில்லை. அடிப்படைத் தானியம், வலிமை, பியரின் வகை ஆகியவற்றை மாற்றினால் சீட்டில் சொல்ல வேண்டும் என்பதிலும் நியாயமாக ஆட்சேபிக்க அதிகம் இல்லை. இடையில் இருக்கும் சாம்பல் நிலம்தான் தகராறு: ஒவ்வொன்றும் நாக்குக்கு எட்டாத, சேர்ந்தால் எட்டும் சிக்கனங்கள். அங்கே செய்முறைத் தூய்மையும் உதவவில்லை, சந்தையின் தீர்ப்பும் தாமதமாக வருகிறது. நகராத ஓர் ஒப்பீட்டுப் புள்ளியை வைத்திருக்கும் ஆலையின் சொல்லுக்குக் கூடுதல் மதிப்பு தரலாம். உறைந்த கேனோ, நிலவறைப் பீப்பாயோ, எதுவானாலும் அது குறைபாடுள்ள சாட்சிதான். சாட்சியே இல்லாததற்கு அது மேல்.

தீராதவை பல. 2023 அக்டோபரில் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஆய்வு, ஐரோப்பிய நறுமண ஹாப்ஸின் விளைச்சல் 2050-க்குள் 4 முதல் 18 விழுக்காடு வரையும், ஆல்ஃபா அமிலம் 20 முதல் 31 விழுக்காடு வரையும் குறையக்கூடும் என்று மதிப்பிட்டது. சாட்ஸ் ஹாப்ஸை நம்பி நிற்கும் ஒரு பில்சனர், அந்த ஹாப்ஸே தன் பழைய குணத்தை இழக்கும்போது எதற்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? ஹாப்ஸின் பெயருக்கா, கசப்பின் அளவுக்கா? இரண்டையும் ஒருசேரக் காப்பது இயலாமல் போகலாம். ஒப்பீட்டுப் புள்ளிக்கு வயது வரம்பு உண்டா என்பதும் தெளிவில்லை. பழுப்பு மால்ட் போர்ட்டரைக் குடித்தவர் எவரும் இன்று இல்லை. அதற்காக யாரும் வழக்காடுவதும் இல்லை. 1982-இன் பட்வைசருக்கு இன்னும் சாட்சிகள் இருக்கிறார்கள், நாற்பது ஆண்டுகளில் அவர்களும் இருக்கமாட்டார்கள். அப்போது ஆலை கடன்பட்டிருப்பது யாருக்கு என்ற கேள்விக்கு மூன்று தரப்புகளும் இதுவரை பதில் சொல்லவில்லை. ஆலைகளின் உள்சோதனைப் பதிவுகள் வெளிவராதவரை, படிப்படியான நழுவல் பட்வைசரில் நேர்ந்த தனி விபத்தா, தொழில் முழுதுக்கும் பொதுவான போக்கா என்பதையும் வெளியிலிருந்து நிறுவ முடியாது.